விடியுமுன் புறப்பட்ட பிள்ளைகள்



மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறுகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். மிஷனரி ஞாயிறன்று அவர்களுடைய பெயர்களைச் சொல்லித் தேவனைத் துதிக்கிறோம். கப்பலேறி வந்தவர்கள், அந்நிய மொழியைக் கற்றவர்கள், வேதத்தை மொழிபெயர்த்தவர்கள், கொள்ளைநோயில் மரித்தவர்கள் என்று அவர்களுடைய தியாகங்களை வரிசைப்படுத்துகிறோம். அந்த வரிசையில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு காட்சி உண்டு. இருள் இன்னும் பிரியாத நேரம். பங்களா வாசலில் மாட்டுவண்டி காத்து நிற்கிறது. தூக்கம் கலையாத ஏழு வயதுப் பிள்ளை பெட்டியோடு வண்டியில் ஏற்றப்படுகிறது. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும். சில குடும்பங்களில் பல ஆண்டுகளும் ஆனதுண்டு.

இந்த வாரம் அந்தப் பள்ளிப் பயணத்தின் வரலாற்றைச் சிந்திப்போம். பெற்றோர் தேவனுடைய அழைப்பைக் கேட்டார்கள், கீழ்ப்படிந்தார்கள். அந்தக் கீழ்ப்படிதலுக்கான விலையில் ஒரு பங்கைப் பிள்ளைகள் செலுத்தினார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்தப் பங்கை அறியாமல் மிஷனரி ஊழியத்தின் வரலாற்றை நாம் முழுமையாக அறிந்தவர்களாக மாட்டோம்.

ஏன் அனுப்பினார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிதேசத்துக்குச் சென்ற மிஷனரிக் குடும்பங்களுக்குப் பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்ப மூன்று காரணங்கள் இருந்தன. முதலாவது, மரண பயம். வாந்திபேதியும் மலேரியாவும் குழந்தைகளையே முதலில் கொண்டுபோயின. நம் நாட்டிலுள்ள பழைய மிஷன் கல்லறைத் தோட்டங்களில் நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். சிறிய கல்லறைகள் அங்கே எத்தனை! இரண்டாவது, படிப்பு. தாய்நாட்டுக் கல்லூரியில் சேர வேண்டுமானால் அதற்கேற்ற பள்ளிக் கல்வி தேவைப்பட்டது. ஊழியத் தலங்களில் அது கிடைக்கவில்லை.

மூன்றாவது காரணத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தால் தங்கள் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பலர் அஞ்சினார்கள். யாருக்குச் சுவிசேஷம் சொல்ல வந்தார்களோ, அவர்களுடைய பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகள் விளையாடுவதை அவர்கள் விரும்பவில்லை. அந்தக் காலத்து இனப் பெருமை மிஷன் வளாகத்தின் மதிலைத் தாண்டி உள்ளேயும் வந்திருந்தது. பரிசுத்தவான்களும் தங்கள் காலத்தின் குறைகளைச் சுமந்தவர்களே என்பதை நாம் நினைவில் வைப்பது நல்லது.

கடலுக்கு அப்பால்

ஆகவே இங்கிலாந்தில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்றே பள்ளிகள் தோன்றின. லண்டனுக்கு அருகிலுள்ள வால்தம்ஸ்டோவில் 1838-ல் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும், 1842-ல் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டன. நீராவிக் கப்பல்களும் சூயஸ் கால்வாயும் வருமுன், இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ போக மாதக்கணக்கில் கடலில் இருக்கவேண்டும். ஒருமுறை அனுப்பிய பிள்ளையை அடுத்த விடுமுறைக்கு அழைத்துக்கொள்ள வழியே கிடையாது. சிறுவனாகக் கப்பலேற்றிய மகனைத் தாய் மறுபடியும் காணும்போது அவன் மீசை அரும்பிய வாலிபனாக நின்றான். சில தாய்மார் காணவேயில்லை.

டேவிட் லிவிங்ஸ்டனின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1852-ல் அவர் தம் மனைவி மேரியையும் நான்கு பிள்ளைகளையும் கேப் டவுன் துறைமுகத்தில் கப்பலேற்றிப் பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டு ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குத் திரும்பினார். அவருடைய பயணங்களை உலகம் கொண்டாடியது. மேரியும் பிள்ளைகளும் நிலையான வீடின்றி இடம்விட்டு இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். மூத்த மகன் ராபர்ட் பிற்காலத்தில் அமெரிக்காவுக்குப் போய், வேறொரு பெயரில் வடமாநிலங்களின் படையில் சேர்ந்தான். உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு, 1864-ல் தன் பதினெட்டாம் வயதில் மரித்தான். தகப்பனின் புகழ்பெற்ற பெயரை மகன் தன் பெயராக வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளோடு விளையாட இன்னும் அதிக நேரம் ஒதுக்காமற்போனேனே என்ற வருத்தத்தை லிவிங்ஸ்டன் தம் எழுத்தில் பதிவுசெய்திருக்கிறார்.

நமக்கு நன்கு தெரிந்த இன்னொரு பெயர் ஐடா ஸ்கடர். 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், இலங்கையிலும் பின்னர் சென்னையிலும் ஊழியம் செய்த மருத்துவ மிஷனரி. அந்தக் குடும்பத்தில் பிள்ளைகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்புவது தலைமுறை வழக்கமாகவே இருந்தது. ஐடாவும் சிறுமியாக அமெரிக்கா சென்றார். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியபோது அவர் சிகாகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். தாய் புறப்பட்டுப் போன இரவில் அழுத அழுகை அவருடைய நினைவை விட்டு நீங்கவில்லை. மிஷனரியாக மட்டும் ஆகமாட்டேன் என்று அவர் தீர்மானித்தார். நம்மில் பலர் ஐடாவின் வரலாற்றைத் திண்டிவனத்து இரவிலிருந்துதான் தொடங்குகிறோம். 1890-ல் நோயுற்ற தாயைப் பார்க்க வந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியருக்கு உதவக் கேட்டதும், ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்காததால் மூன்று பெண்களும் மரித்ததும் நமக்குத் தெரியும். அதன் கனியே வேலூர் மருத்துவமனை. ஆனால் அந்த இரவில் தேவன் பேசியது, சிகாகோவில் தலையணையில் முகம் புதைத்து அழுத ஒரு சிறுமியோடு என்பதையும் மறவாதிருப்போம்.

மலைமேல் ஒரு பள்ளி

கடல் கடக்காமலே பிள்ளைகளைப் படிக்கவைக்க வழி தேடியவர்களின் வரலாறு நம் ஊருக்கு மிக அருகில் இருக்கிறது. 1834-ல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் தன் ஆரம்ப ஆண்டுகளில் பெரியவர்களையும் குழந்தைகளையும் அடுத்தடுத்துக் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பறிகொடுத்தது. குளிர்ந்த இடம் தேடி முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் மலேரியா இருந்தது. பின்பு பழனி மலையில் ஏறினார்கள். 1845-ல் கோடைக்கானலில் முதல் இரண்டு வீடுகள் எழும்பின. இன்று நாம் சுற்றுலாத் தலமாக அறியும் ஊர், பிள்ளைகளை உயிரோடு காக்க விரும்பிய பெற்றோரின் தவிப்பிலிருந்து வளர்ந்தது.

அங்கே 1901-ல் மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி திறக்கப்பட்டது. ஷெர்வுட் எடி என்ற புகழ்பெற்ற ஊழியரின் தாயார் மார்கரெட் எடி, மகனைப் பார்க்க இந்தியாவுக்கு வந்தவர், இதற்கு முன்நின்றார். ஹைகிளர்க் பள்ளி என்று வழங்கிய அதுவே இன்றைய கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. மாதக்கணக்கான கடற்பயணம் இரண்டொரு நாள் பயணமாகச் சுருங்கியது. வெயில் காலத்தில் பெற்றோரும் மலைக்கு ஏறிவந்து பிள்ளைகளோடு தங்கலாம். நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் கீழே இறங்கலாம். சிகாகோவையும் லண்டனையும் எண்ணிப் பார்த்தால் அது எத்தனை பெரிய ஆறுதல்!

ஆயினும் அந்த இரண்டொரு நாள் பயணமும் எளிதானதல்ல. இன்று கோடை ரோடு என்று அழைக்கப்படும் அம்மைநாயக்கனூர் நிலையம் வரை இரயில். அங்கிருந்து பெரியகுளம் வழியாக ஏறத்தாழ முப்பது மைல் மாட்டுவண்டி. பகல் வெயிலுக்கு அஞ்சி வண்டிகள் இரவில் ஓடின. வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை விரித்து, பிள்ளைகளைப் படுக்கவைப்பார்கள். மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அங்கிருந்து பன்னிரண்டு மைல் அளவுக்குச் செங்குத்தான மலைப்பாதை. வெயில் ஏறுமுன் மலை ஏறவேண்டும் என்பதால் அதிகாலையிலேயே புறப்படவேண்டும். பெரியவர்கள் நடந்தோ குதிரையிலோ ஏறினார்கள்; பிள்ளைகளும் பலவீனரும் நாற்காலியிலும் டோலியிலும் ஏறினார்கள். மோட்டார் வண்டி ஏறத்தக்க மலைச்சாலை 1910-களின் நடுப்பகுதியில்தான் வந்தது.

டோலி தானாக ஏறவில்லை, பிரியமானவர்களே. அதைத் தோளில் சுமந்தவர்கள் நம் முன்னோர். அடிவாரத்துக் கிராமங்களிலிருந்து வந்து, கூலிக்காக அந்தப் பன்னிரண்டு மைலும் சுமை தூக்கியவர்கள். பள்ளிக்குப் போகும் வெள்ளைக்காரப் பிள்ளையைச் சுமந்து ஏறிய தகப்பனுடைய சொந்தப் பிள்ளை, பெரும்பாலும் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. மிஷன் பள்ளிகள் ஊர்தோறும் உருவாகி அந்த நிலையை மாற்றத் தொடங்கியதும் உண்மை. ஆனாலும் அந்த மலைப்பாதையின் வரலாற்றில் அந்தச் சுமைகாரர்களின் பெயர்கள் எழுதப்படவில்லை. தேவனுடைய புஸ்தகத்தில் எழுதப்படாத பெயர்கள் என்று அவற்றை யாரும் எண்ணவேண்டாம்.

கடற்கொள்ளையரும் முட்கம்பி வேலியும்

சீனாவிலும் இதே தேவை எழுந்தது. ஹட்சன் டெய்லர் நிறுவிய சீன உள்நாட்டு மிஷன், 1881-ல் வடகிழக்குக் கடற்கரையிலுள்ள சீஃபூ நகரில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. சீனாவின் உட்பகுதிகளிலிருந்து பிள்ளைகள் ஆற்றுப் படகுகளிலும், பின்பு கடலோரக் கப்பல்களிலும் பல வாரங்கள் பயணம் செய்து அங்கே வந்தார்கள். தூரத்தில் ஊழியம் செய்தவர்களின் பிள்ளைகள் எல்லா விடுமுறைக்கும் வீட்டுக்குப் போக இயலவில்லை.

1935 ஜனவரி இறுதியில், விடுமுறை முடிந்து ஷாங்காயிலிருந்து சீஃபூவுக்குத் திரும்பிய ஏறத்தாழ 70 பள்ளிப் பிள்ளைகள் துங்சௌ என்ற கப்பலில் இருந்தார்கள். பயணிகளைப்போல ஏறியிருந்த கடற்கொள்ளையர் அந்தக் கப்பலைக் கைப்பற்றித் தெற்கே திருப்பினர். காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். சில நாட்கள் அந்தக் கப்பல் எங்கே என்று உலகம் தேடியது. பிப்ரவரி முதல் நாளில் ஹாங்காங்குக்கு அருகே பிரிட்டிஷ் கடற்படை விமானங்கள் அதைக் கண்டன, கொள்ளையர் தப்பியோடினர், பிள்ளைகள் ஒருவரும் சேதமின்றி மீண்டார்கள். சீனாவின் ஏதோவோர் உள்ளூரில், செய்திக்காகக் காத்திருந்த தகப்பனும் தாயும் அந்த நாட்களில் எப்படி ஜெபித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய சோதனை பின்னர் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சீஃபூ பள்ளியைக் கைப்பற்றியது. 1942 இறுதியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிறைவைக்கப்பட்டார்கள்; 1943-ல் வெய்சியென் முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். பெற்றோர் வேறெங்கோ, நடுவே போர்முனை. ஆசிரியர்களே தாயும் தகப்பனுமானார்கள். முகாமில் பாடம் நின்றுவிடவில்லை. மூத்த மாணவர்கள் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கும் ஆயத்தப்படுத்தப்பட்டார்கள். எலும்பு வளர்ச்சிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமே என்று முட்டை ஓடுகளைப் பொடித்துப் பிள்ளைகளுக்குக் கரண்டியில் கொடுத்தார்கள். 1945 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்க மீட்புக் குழுவைச் சேர்ந்த ஏழுபேர் வானிலிருந்து குதித்து முகாமை விடுவித்தார்கள். ஹட்சன் டெய்லரின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் நால்வர் அங்கே இருந்தனர். அவர்கள் தங்கள் பெற்றோரைக் கண்டபோது பிரிந்து ஐந்தரை ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்த முகாமில் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்து, விளையாட்டுப் போட்டிகள் நடத்தி, அவர்களுடைய அன்பைப் பெற்ற ஒரு மிஷனரி இருந்தார். அவரே எரிக் லிடெல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றவர். ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்று அவர் உறுதியாக நின்றதை நாம் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அவருடைய பால்யத்தை அவ்வளவாகக் கேட்டதில்லை. அவர் 1902-ல் சீனாவின் தியன்சின் நகரில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆறு வயதில் அண்ணனோடு லண்டனிலுள்ள மிஷனரிப் புதல்வர் பள்ளியில் விடப்பட்டார். பெற்றோர் சீனாவுக்குத் திரும்பினார்கள். 1842-ல் வால்தம்ஸ்டோவில் தொடங்கியது என்று முன்பு சொன்ன அதே பள்ளி அது. தாயைப் பிரிந்து வளர்வது என்னவென்று அறிந்த அந்தச் சிறுவனே, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தாய் தகப்பனைப் பிரிந்த பிள்ளைகளின் நடுவே நின்றார். அவருடைய மனைவியும் இரண்டு மகள்களும் கனடாவில் இருந்தார்கள். அங்கே பிறந்த மூன்றாம் மகளின் முகத்தை அவர் காணவேயில்லை. விடுதலைக்கு ஆறு மாதங்களுக்கு முன், 1945 பிப்ரவரி 21 அன்று, மூளைக் கட்டியால் மரித்தார்.

சின்னச் சட்டை

இந்த வரலாற்றை வேதத்தின் வெளிச்சத்தில் எப்படிப் புரிந்துகொள்வது? என் மனம் அன்னாளிடத்தில் போகிறது. பால் மறந்த மகனை அவள் சீலோவுக்குக் கொண்டுபோய் ஏலியின் பொறுப்பில் விட்டாள். ஆண்டுதோறும் பலியிட வரும்போது அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுவந்தாள். உடன் வாழும் பிள்ளைக்குத் தைக்கும் தாய் அளவெடுத்துத் தைக்கலாம். அன்னாள் மனக்கணக்கில்தான் தைத்திருக்கவேண்டும்: இந்த ஓராண்டில் என் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான்? தோள் எவ்வளவு அகன்றிருக்கும்? அவளுடைய அர்ப்பணிப்பை நாம் புகழ்கிறோம். அந்தக் கேள்வியோடு அவள் கழித்த நாட்களையும் வேதம் ஒரு சட்டையின் மூலம் நமக்குக் காட்டுகிறது.

சீலோ ஓர் இலட்சிய விடுதியாக இருக்கவில்லை. ஏலியின் குமாரர்கள் துன்மார்க்கர். ஏலியின் கண்கள் மங்கியிருந்தன. ஆயினும் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்த இருள் வேளையில், கர்த்தர் அந்தப் பிள்ளையைப் பெயர்சொல்லி அழைத்தார். காலையில் ஆலயத்தின் கதவுகளைத் திறந்தவன் அந்தப் பிள்ளையே. தாய் அருகில் இல்லாத அதிகாலையிலும் கர்த்தர் அருகில் இருந்தார் என்பதே அந்த அதிகாரத்தின் ஆறுதல்.

அதே புஸ்தகம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறது. பிற்காலத்தில் சாமுவேலின் சொந்தக் குமாரர்கள் அவன் வழியில் நடக்கவில்லை. தேவன் காத்தார் என்பதால் மனிதருடைய பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. ஐடாவும் எரிக்கும் நமக்குக் கிடைத்தார்கள் என்று ராபர்ட் லிவிங்ஸ்டனை நாம் மறந்துவிடலாகாது. நல்ல முடிவுகளை மட்டும் எண்ணிப் பிரிவின் வேதனையை நியாயப்படுத்துவது விசுவாசமல்ல. காயப்பட்டு வளர்ந்த ஒரு மிஷனரிப் பிள்ளை தன் துக்கத்தைச் சொல்லும்போது, உன் பெற்றோர் செய்த தியாகத்தை எண்ணிப்பார் என்று வாயடைக்காமல் இருப்பதே சபைக்கு அழகு.

நம் சபையின் பங்கு

இது வெள்ளைக்காரரின் பழங்கதை என்று யாரும் நினைக்கவேண்டாம். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றிய நாள்முதல், தமிழ்ச் சபைகள் மிஷனரிகளை அனுப்பி வருகின்றன. இன்றும் வடமாநிலங்களில் நம் குடும்பங்கள் ஊழியம் செய்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் பலர் விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். டோனாவூரில் மிஷனரிப் பிள்ளைகளுக்கென நடைபெறும் சந்தோஷ வித்யாலயாவை உங்களில் பலர் அறிவீர்கள். இரண்டு இரவு, மூன்று பகல் இரயிலில் பயணம் செய்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இன்றும் உண்டு.

வேறு சில குடும்பங்கள் பிள்ளைகளைத் தங்களோடு வைத்துக்கொண்டு, ஊழியத் தலத்திலிருந்தே பள்ளிக்கு அனுப்புகின்றன. இருட்டில் எழுந்து, மதிய உணவைக் கட்டிக்கொடுத்து, பழக்கமற்ற மொழி பேசும் பள்ளிக்கு நெடுந்தூரம் கொண்டுபோய் விட்டு, அதன்பின் ஊழியத்தைத் தொடங்குகிறார்கள். ஊழிய அறிக்கையில் அந்த அலைச்சல் எழுதப்படுவதில்லை. ஞானஸ்நானங்களின் எண்ணிக்கையையும் கூட்டங்களின் எண்ணிக்கையையும் கேட்கும் நாம், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவரும் அந்த அதிகாலை நேரத்தையும் ஊழியமாகவே எண்ணப் பழகவேண்டும். மாலையில் பிள்ளை வீடு திரும்புகிறது என்பது, 1852-லும் 1908-லும் அநேக மிஷனரிக் குடும்பங்களுக்குக் கிடைக்காத பாக்கியம்.

நம் சபை தாங்கும் மிஷனரிகளின் பெயர்கள் நம் ஜெபக் குறிப்பில் உள்ளன. அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்களும், வகுப்பும், அவர்கள் தங்கிப் படிக்கும் இடமும் அதில் சேரட்டும். தேர்வு மாதத்தில் அந்தப் பிள்ளைகளுக்காக நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பெயர்சொல்லி ஜெபிக்கட்டும். அருகிலுள்ள விடுதிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு, வீட்டுக்குப் போக இயலாத குறுகிய விடுமுறையில் நம் வீடுகளின் கதவுகள் திறந்திருக்கட்டும். அந்தப் பிள்ளை ஊழியக்காரரின் பிள்ளையாக நடந்துகொள்ளவேண்டும் என்று எதிர்பாராமல், பசித்தால் கேட்டு உண்ணும் வீட்டுப் பிள்ளையாக இருக்க விடுவோம்.

இன்று அதிகாலையிலும் எங்கோ ஒரு வாசலில் ஒரு பெட்டி கட்டிவைக்கப்பட்டிருக்கும். அதை ஒரு தாய் மறுபடியும் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பாள். அவளையும், அந்தப் பெட்டிக்குரிய பிள்ளையையும் இந்த வாரம் உங்கள் காலை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். சீலோவில் விழித்திருந்த தேவன் அவர்களோடும் இருப்பாராக. ஆமென்.